முத்திரை விழாத பாஸ்போர்ட்

அமிர்தவல்லிக்கு ஐம்பத்தொரு வயது. அதில் முப்பது வருஷத்தை ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்தே கழித்தவள். வெளுத்துக் காய்ந்து வரும் காஸ் துணியை அளவு பார்த்து வெட்டி, எட்டாக மடித்து, நூறு நூறாகக் கட்டி அடுக்குவது அவள் வேலை. எங்கெங்கோ இருக்கிற மனிதர்களின் காயங்கள் மேல் அவள் கை மடித்த துணி போய் உட்கார்ந்திருக்கும். தன் குடும்பத்தின் மேல் விழுந்த அடிக்கு எதை வைத்துக் கட்டுவது என்றுதான் அந்த நவம்பர் மாதம் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் புருஷன் ஜெயபாண்டி பதினெட்டு வருஷமாக மஸ்கட்டில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவர். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் ஏணியில் நின்றபடியே வலது கை மரத்து, வாய் கோணி, கீழே சரிந்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ரிச்சர்ட் என்ற ராஜபாளையத்துப் பையன்தான் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாம் தேதி மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில், அவனிடமிருந்து போன் வந்தது.

"மதினி, டாக்டரு ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுட்டாரு. கம்பெனியே டிக்கெட் போடுது. ஆனா ஒத்தையா ஏத்த மாட்டாகளாம். சொந்தத்துல ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டு, கூடவே உக்காந்து கூட்டிட்டுப் போகணும்."

"நீங்க வரக்கூடாதா தம்பி?"

"எனக்கு லீவு கிடையாது மதினி. அது மட்டுமில்ல, சொந்தக்காரங்கதான் வரணுமாம். இருபத்தெட்டாந் தேதியோட அண்ணனோட விசா முடியுது. அதுக்குப் பொறவு ஆஸ்பத்திரியில வச்சிருக்க மாட்டாக. விசா முடிஞ்சவுகள வைக்கிற கேம்ப்புக்கு அனுப்பிருவாக. அங்க பாக்க ஆளு... அங்க திருப்பிப் படுக்கப் போடக்கூட ஆளு கிடையாது மதினி."

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் மாரிசெல்விக்குக் கையில் இரண்டு மாதக் குழந்தை. பாஸ்போர்ட்டும் கிடையாது. மருமகன் கோயம்புத்தூரில் லோடு வண்டி ஓட்டுகிறவன், அவனிடமும் கிடையாது. அந்தக் குடும்பத்தில் பாஸ்போர்ட் என்று ஒன்று வைத்திருந்த ஒரே ஆள் அமிர்தவல்லிதான்.

அது ஒரு தனிக் கதை. பத்து வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்த ஜெயபாண்டி, "ஒனக்கு ஒரு தடவை கடலத் தாண்டிக் காட்டணும்" என்று மதுரைக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே காலம் போயிற்று. மகள் படிப்பு, மகள் கல்யாணம், மகள் பிரசவம். புத்தகத்தின் ஒரு தாளில்கூட எந்த ஊர் முத்திரையும் விழவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பீரோவுக்குள், கல்யாணச் சேலைக்கு அடியில், அது காத்துக்கொண்டே கிடந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் அது வெளியே வரும். சரஸ்வதி பூஜை நாளில். கம்பெனியில் அன்றைக்குத் தறி, வெட்டும் மிஷின், தராசு, வருகைப் பதிவேடு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற அமிர்தவல்லி, தன் பாஸ்போர்ட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பாள். படத்தின் மேல் வைக்க மாட்டாள். உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்குப் பொட்டு வைப்பார்களா? பேரின் மேலும் வைக்க மனம் வராது. படத்துக்குக் கீழே, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் அம்புக்குறியுமாக ஒன்றும் புரியாத இரண்டு வரி ஓடும். யாருக்கும் உபயோகமில்லாத இடம் என்று நினைத்து அங்கேதான் வைப்பாள். அடுத்த வருஷம் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிது வைப்பாள். பத்து பூஜை. பத்து பொட்டு. அந்தப் புத்தகம் ஒருநாள் தன்னை அவரிடம் கொண்டு சேர்க்கும் என்பதற்கு அவள் போட்டுக்கொண்ட வேண்டுதல் அது.

அந்த மாதம் ஐந்தாம் தேதியோடு அது காலாவதி ஆகிறது. புதுப்பித்தே ஆக வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் வினோத், ரிச்சர்ட் போனில் அனுப்பிய ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் சேர்த்து, அவளுடைய விண்ணப்பத்தை விரைவுப் பிரிவில் பதிந்து கொடுத்தான். ராஜபாளையம் தபால் நிலையத்திலேயே இருக்கும் பாஸ்போர்ட் மையத்தில் ஏழாம் தேதி காலை பத்தரைக்கு நேரம் கிடைத்தது. புத்தகத்தைத் திறந்து பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"என்னக்கா இது, பாஸ்போர்ட்டா சாமி படமா?"

"பூசைக்கு வச்சதுப்பா."

"வைக்கிறதுக்கு வேற எடமே கெடைக்கலயா? இந்த ரெண்டு வரியத்தான் மிஷினு படிக்கும். ஏர்போர்ட்ல இதத்தான் வச்சு இழுப்பாக. இப்ப தர்றது எல்லாம் சிப்பு வச்ச பாஸ்போர்ட்டு. பழச வாங்கி மிஷின்ல வச்சுப் பாத்துட்டுத்தான் புதுசுக்கு மாத்துவாக. எப்படியாச்சும் தொடச்சிட்டு வாங்க."

அவன் வாய் தவறிச் சொன்ன வார்த்தை. அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பேக்கிங் மேஜையைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவளோடு பதினைந்து வருஷமாகத் துணி மடிக்கும் பாண்டிசெல்வி.

"ஏட்டி, என்ன யோசிக்க? ஆஸ்பத்திரியில ரத்தக்கறையே இதுல போகுது. குங்குமம் போகாதா? குடு நான் தொடைக்கேன்."

"வேண்டாம் பாண்டி. நான் வச்சது. நானே தொடைக்கேன்."

காஸ் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து மெல்ல ஒற்றினாள். துணியில் சிவப்பு வந்தது. சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பத்து வருஷ ஈரச் சந்தனத்தில் பக்கத்தின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளின் ஓரம் ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் இறங்கியிருந்த சிவப்பு மட்டும் போகவில்லை. நகத்தால் ஓரத்தைத் தூக்கி, உள்ளே ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தாள்.

சிவப்பு போயிற்று. அதோடு கறுப்பும் போயிற்று.

எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சாம்பல் நிறமாகக் கரைந்து, கீழ்வரி பாதி காணாமல் போயிருந்தது. அமிர்தவல்லி அந்தத் துணியைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் மருந்துத் துணியை மடித்த கை, தன் புருஷனிடம் போக இருந்த ஒரே வழியைத் தானே துடைத்து எடுத்துவிட்டது!

"யாத்தே" என்றாள் பாண்டிசெல்வி.

சாயங்காலம் வினோத் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் தண்ணி தொட்டுத் தொடைக்கச் சொன்னா, நீங்க ஆபரேசனே பண்ணியிருக்கீங்க!" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சரி விடுங்க. வீட்டுக்கூரை ஒழுகி மழைத்தண்ணி பட்டுருச்சுன்னு ஒரு லெட்டர் அடிச்சுத் தாரேன். கையெழுத்துப் போடுங்க. மழைன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாக."

பொய்யில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு யாராவது தீயில் கையெழுத்துப் போடு என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பாள்.

ஏழாம் தேதி. முதல் கவுண்டரில் படம் எடுத்தார்கள். அடுத்துக் கைரேகை. கண்ணாடியில் விரலை வைத்தால் மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. பஞ்சுத் துணியிலேயே கிடந்த விரல்கள். ஈரப்பசை எல்லாவற்றையும் துணி குடித்துவிட்டிருந்தது.

"நல்லா அழுத்துங்கம்மா."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன் தாயி."

கவுண்டர்ப் பெண் ஈரத்தாள் கொடுத்துத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து அழுத்தி, நாலாவது முயற்சியில் பச்சை விளக்கு வந்தது. அமிர்தவல்லியின் முதுகு வியர்வையில் நனைந்துவிட்டது.

அடுத்த அறையில் அதிகாரி ஜெனிலா. முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை. பழைய பாஸ்போர்ட்டை மிஷினில் வைத்தார். மிஷின் படிக்கவில்லை. மறுபடி வைத்தார். எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"மழைத்தண்ணின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"மழைத்தண்ணியில ஸ்பிரிட் வாசம் வருமா?"

தூக்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் ஓரத்தைப் பேனா முனையால் காட்டினார் அதிகாரி.

"லேமினேஷனைத் தூக்கி, உள்ள கெமிக்கல் விட்டு அழிச்சிருக்கு. சுத்தி லேசாச் சிவப்பு வேற ஒட்டியிருக்கு. இது யாரோ தெரிஞ்சே பண்ணின வேலை." அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "வெளிநாட்டுல இருந்து திருப்பி அனுப்பின முத்திரை ஏதும் இருந்துச்சா? அதை மறைக்கிறதுக்கு மொத்தப் புத்தகத்தையும் கெடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லம்மா! நான் வெளிநாடே போனதில்ல. பிளேனைக் கிட்டத்துல பாத்ததுகூட இல்ல!"

"அப்ப உங்க வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார்னு போட்டிருக்கீங்களே. பத்து வருஷத்துல ஒரு தடவைகூடவா போகல?"

அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தியது என்று அந்த அதிகாரிக்குத் தெரிய நியாயமில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஜெயபாண்டி கடைசியாக லீவில் வந்தபோது இதே கேள்வியைத்தான் அமிர்தவல்லி அவரிடம் கத்திக் கேட்டிருந்தாள். ஒரு தடவைகூடவா கூட்டிப்போகத் தோன்றவில்லை என்று. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு போனில் பேசியதெல்லாம் அரிசி, கேஸ், மகள் உடம்பு. அவ்வளவுதான்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"பொய்யி சொல்லிட்டேன் தாயி. மழையில்ல. மழைன்னு சொன்னா விட்ருவீகன்னு சொன்னாக. சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வச்சது. பத்து வருசமா வச்சேன். படத்து மேல வைக்கக்கூடாதுன்னு கீழ வச்சேன். அதுதான் மிஷினு படிக்கிற எடம்னு எனக்குத் தெரியாது. நேத்துத் தொடைக்கப் போயி அழிஞ்சிருச்சு. அவிய அங்க வாய் பேச முடியாமக் கெடக்காக. இருபத்தெட்டாந் தேதிக்குள்ள நான் போகலைன்னா..."

அவள் அழவில்லை. அழுகிற தெம்புகூட இல்லாத ஒரு முகம் அது. ஜெனிலா, வினோத் அடித்துக் கொடுத்த கடிதத்தை எடுத்து அவளிடமே நீட்டினார். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் தள்ளினார்.

"அதைக் கிழிச்சுப் போடுங்க. இப்ப சொன்னதை அப்படியே உங்க கையால எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க."

அவள் எழுதினாள். எட்டாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து. ஒரு பக்கம் ஆயிற்று.

"விரைவுப் பிரிவுல இது போகாதும்மா. எழுத்து அழிஞ்ச புத்தகத்துக்கு அந்த வழி கிடையாது. சாதாரண வழிதான். போலீஸ் விசாரணை முடிஞ்ச பிறகுதான் மதுரையில முடிவு எடுப்பாங்க. அழிச்சதைப் பத்தி நான் குறிப்பு எழுதித்தான் ஆகணும். நீங்க இதுவரைக்கும் வெளிநாடு போகலைன்னு அவங்க விசாரிச்சு எழுதணும்."

"எத்தனை நாளாகும் தாயி?"

"அது என் கையில இல்ல." அவள் எழுதிய தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பறேன். அவசரம்னு எழுதறேன். அதுதான் என்னால முடியும்" என்றார்.

பழைய புத்தகத்தை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்த அமிர்தவல்லியின் கையில் ஒரு ரசீது மட்டும் இருந்தது.

பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கடந்தாள் என்பதை ராஜபாளையம் டவுன் பஸ்ஸின் ஜன்னல் கம்பிகளைத்தான் கேட்க வேண்டும். காலையில் போவாள். துணி மடிப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ரிச்சர்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். முதல் நாலு நாள் ஜெயபாண்டி அவளைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். ஐந்தாவது நாளிலிருந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சாப்புட மாட்டேங்காரு மதினி. நேத்தும் ரெண்டு ஸ்பூன் கஞ்சிதான். வாயை இறுக மூடிக்கிடுதாரு. இன்னிக்கு வருவாக, நாளைக்கு வருவாகன்னு நானும் எம்புட்டு நாள்தான் சொல்ல?"

பதினாலாம் தேதி காலை பதினொரு மணிக்குக் கம்பெனி வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு தனுஷ்கோடி. வீட்டில் விசாரித்துவிட்டு, வேலை பார்க்கிற இடத்தையும் பார்க்க வந்திருந்தார். பெரிய மீசை. கையில் ஒரு டேப்லெட்.

மடிக்கும் பகுதியில் நாற்பது பெண்களும் கையை நிறுத்தினார்கள். மேனேஜர் நவநீதகிருஷ்ணன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் தெருக்காரர், கோபம் வந்தால் வெளியிலும் அதுதான் வாயில் வரும். அமிர்தவல்லி ஒரு மணி நேரம் அனுமதி கேட்டாலே ஒன்பது கேள்வி கேட்கிறவர். வருகைப் பதிவேட்டில் ஒரு நிமிஷம் தாமதமானாலும் சிவப்பு மையில் சுழிக்கிறவர்.

"ஏம்மா, பாஸ்போர்ட்டைக் கெமிக்கல் போட்டு அழிச்சிருக்கன்னு குறிப்பு வந்திருக்கு. பூசைப் பொட்டுன்னு எழுதிக் குடுத்திருக்க. பாஸ்போர்ட்டுக்கு யாராவது பொட்டு வைப்பாகளா? நானும் இருபத்தாறு வருசமா இந்த வேலை பாக்கேன்."

"வச்சேன் சார்."

"வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போயிட்டு, பிரச்சனையாகித் திரும்பி வந்து, அந்த முத்திரையை மறைக்கிறதுக்கு எத்தனை பேரு என்னென்ன பண்ணுதாகன்னு எனக்குத் தெரியும். நீ பத்து வருசமும் இங்கதான் இருந்தன்னு யாரு சொல்லுவா?"

நாற்பது பெண்களும் ஒரே குரலில் "நாங்க சொல்லுதோம்" என்றார்கள்.

"நீங்க சொன்னா ஆச்சா? கூட வேலை பாக்கிறவுக அப்படித்தான் சொல்லுவீக."

நவநீதகிருஷ்ணன் உள்ளே போனார். அமிர்தவல்லி அவர் போன கதவையே பார்த்தாள். ஸ்பிரிட் பாட்டிலைக் கேட்காமல் எடுத்தது அவருக்குத் தெரிந்துவிட்டதோ? கம்பெனிக்குப் போலீஸ் வந்துவிட்டதே என்று கணக்கு முடித்து அனுப்பிவிடுவாரோ? அவர் திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் நெஞ்சு உயரத்துக்குத் தடித்த நோட்டுகள். பத்து வருஷத்து வருகைப் பதிவேடுகள். ஏட்டுக்கு முன்னால் மேஜையில் இறக்கினார்.

"ஆட்கள் சொல்றதை நம்ப வேண்டாம் சார். இதைப் பாருங்க."

தனுஷ்கோடி மேலே இருந்த நோட்டைத் திறந்தார். முதல் பக்கம். பேனா எழுத்து ஒன்றும் இல்லை. நடுவில் காய்ந்துபோன சந்தனம். அதன் மேல் குங்குமம். அடுத்த நோட்டைத் திறந்தார். அதிலும் அப்படியே. மூன்றாவது, நாலாவது. மீசைக்குக் கீழே உதடு லேசாக அசைந்தது.

"எல்லாத்துலயும் இருக்கு."

"எங்க ஸ்தாபனத்துல பூசை வச்சுத்தான் புது நோட்டுல எழுதுவோம் சார். முப்பது வருஷமா இந்த அம்மாதான் சந்தனம் கரைச்சுக் குடுக்கிறது. இங்க பார்த்ததை வீட்டுல செஞ்சிருக்கு. அதுக்குத் தெரிஞ்ச மரியாதை அதுதான்."

ஏட்டு பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். வருஷம் வருஷமாக, மாதம் மாதமாக. அமிர்தவல்லி என்ற பேருக்கு நேரே வரிசை வரிசையாகக் கையெழுத்து. விரல் ஓடிக்கொண்டே போயிற்று. ஆறாவது நோட்டில் டக்கென்று நின்றது.

"இது என்ன? மார்ச்சு மாசம். இருபத்திரெண்டு நாளு ஒரு கையெழுத்தும் இல்ல. எங்க போயிருந்த?"

மார்ச். எந்த மார்ச்? இருபத்திரண்டு நாள். அவளுக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. ஐம்பத்தொரு வருஷத்து வாழ்க்கையில் அந்த இருபத்திரண்டு நாளை மட்டும் யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததுபோல் இருந்தது.

"சொல்லும்மா. இருபத்திரெண்டு நாளு போதும், போயிட்டுத் திரும்பி வர."

"எனக்கு... எனக்கு..."

"அம்மை!" பாண்டிசெல்வி பின்னாலிருந்து கத்தினாள். "ஏட்டி, மறந்துட்டியா? ஒம் மகளுக்கு அம்மை போட்டிருந்துச்சுல்லா! அவளுக்கு எறங்கி முடிய ஒனக்கு ஏறுச்சு!"

நவநீதகிருஷ்ணன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். அந்த வரிசையின் ஓரத்தில், அவருடைய சிவப்பு மையில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. சுட்டிக்காட்டினார். "அம்மை. வர வேண்டாம் என்று நான் சொன்னது." தேதியும் கையெழுத்தும் இருந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போற துணி மடிக்கிற எடம் சார். அம்மை வீட்டுல இருந்து ஆள் வரக்கூடாது. நான்தான் நிறுத்தி வச்சேன். மூணாவது தண்ணி ஊத்தின பிறகுதான் உள்ள விட்டேன்."

தனுஷ்கோடி அந்தச் சிவப்பு எழுத்தை இரண்டு முறை படித்தார். டேப்லெட்டில் படம் எடுத்தார். சந்தனப் பொட்டு இருந்த முதல் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கே அனுப்பிருதேன்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "எம் பொஞ்சாதியும் சிலிண்டர் கேஸ் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கா. வீட்டுக்குப் போயி மொதல்ல அதப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பது பெண்களும் சிரித்தார்கள். அமிர்தவல்லி மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜரைக் கும்பிடக் கை தூக்கினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கையை நிறுத்தி இருபது நிமிஷம் ஆச்சு, எல்லாரும் மடிங்க" என்று அதட்டிவிட்டு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் கண்ணைத் துடைத்ததைப் பாண்டிசெல்வி பார்த்ததாகச் சொன்னாள். பாண்டிசெல்வி சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம்.

ஆனாலும் நாள் ஓடிக்கொண்டே இருந்தது. பதினேழு. பத்தொன்பது. இருபத்தொன்று. வினோத் தினமும் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வான். "மதுரையில பாத்துட்டு இருக்காங்கக்கா." மறுநாளும் அதே பதில். ரிச்சர்ட் இப்போது வீடியோவில் கூப்பிடுவதில்லை. குரல் மட்டும்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. முகம் எப்படி வற்றியிருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை அச்சாகிவிட்டதாகச் செய்தி வந்தது. திங்கட்கிழமை மத்தியானம் மாரிசெல்வி போனில் அலறினாள்.

"யம்மா, தபால்காரர் வந்துட்டுப் போயிட்டாரு! ஒன் கையிலதான் குடுப்பாராம். எங்கிட்டத் தர மாட்டேன்னுட்டாரு. ஆபீசுக்கு நாலு மணிக்குள்ள வந்து வாங்கிக்கிடணுமாம்!"

மணி மூன்று பத்து. செருப்பைச் சரியாக மாட்டக்கூட நிற்காமல் அமிர்தவல்லி வாசலுக்கு ஓடினாள். பாதி வழி போனதும் காலில் ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தது. அதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. செங்கோட்டை வண்டி அசைந்து அசைந்து போகும்வரை அவள் எழுந்து நின்றுகொண்டே இருந்தாள். கண்டக்டர், "உக்காருங்கக்கா, நீங்க நின்னா வண்டி சீக்கிரம் போயிருமா?" என்றார். அவள் உட்காரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் நிலையத்தில் மூன்று ஐம்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டாள். உறையைப் பிரித்தாள். நீல அட்டை. சிங்க முத்திரைக்குக் கீழே தங்க நிறத்தில் சின்னதாக ஒரு சிப்பு அடையாளம். உள்ளே விறைத்துப் பார்க்கும் அவள் முகம். கவுண்டரில் இருந்தவர் அவள் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "அட்டையை மடக்காதீங்கம்மா, உள்ள சிப்பு இருக்கு. ஈரம் படாம வைங்க" என்றார்.

அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். ஒரு சொட்டுகூட அதன் மேல் விழுந்துவிடக் கூடாதே!

அன்றே வினோத் விண்ணப்பித்த விசா இருபத்தாறாம் தேதி மத்தியானம் வந்தது. டிக்கெட்டும் வந்தது. மறுநாள் சாயங்காலம் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். வினோத் இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தான். ஆறு மணிக்கு அவளே ரிச்சர்டைக் கூப்பிட்டாள்.

"வீடியோவப் போடுங்க தம்பி. அவியளப் பாக்கணும்."

"வேண்டாம் மதினி..."

"போடுங்கன்னேன்."

படுக்கை தெரிந்தது. எலும்பாக ஒரு தோள். முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தலைமாட்டு மேஜையில் ஒரு டம்ளர் கஞ்சி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மதினி நாளைக்கு வாறாக" என்றான் ரிச்சர்ட். தோள் அசையவில்லை. மூன்று வாரமாக அந்தப் பையன் தினமும் சொன்ன வார்த்தைதானே அது!

அமிர்தவல்லிக்குப் பின்னால் குழந்தையோடு நின்ற மாரிசெல்வி விம்மினாள். "சும்மா இருட்டி" என்று மகளை அடக்கினாள் அவள். "தம்பி, போனை அவிய காதுகிட்ட வைங்க."

வைத்தான். அவளுக்கு இப்போது வெள்ளைத் தலையணை மட்டும் தெரிந்தது.

"ஏங்க. நான்தான். நாளைக்குச் சாயங்காலம் ஏறுதேன். ராத்திரி அங்க வந்துருவேன். விசா கையில இருக்கு. டிக்கெட்டு கையில இருக்கு. இந்தத் தம்பி தினமும் சொன்ன மாதிரி இல்ல. நான் சொல்லுதேன்." மூச்சு வாங்கினாள். "ஆனா ஒண்ணு. ஒங்களத் தூக்கிட்டு வர எனக்குத் தெம்பு கிடையாது. ஒத்தப் பொம்பள. இதுவரைக்கும் பிளேனு ஏறுனதில்ல. எந்தப் பக்கம் போகணும்னுகூடத் தெரியாது. நீங்கதான் எனக்குக் கையக் காட்டணும். அதுக்கு ஒங்களுக்கு உக்கார சத்து வேணும். அந்தக் கஞ்சியக் குடிங்க."

யாரோ ஒரு நர்ஸ் தூரத்தில் பேசும் சத்தம். பிறகு கட்டில் கிரீச்சிட்டது. ரிச்சர்ட் போனைத் தூக்கிப் பிடித்தான்.

ஜெயபாண்டி திரும்பியிருந்தார். குழி விழுந்த கண். கோணிய வாய். இடது கையை மெல்ல நீட்டி, மேஜையில் இருந்த டம்ளரைக் காட்டினார்.

முதல் ஸ்பூனில் பாதி கடைவாய் வழியாக வழிந்தது. மீதி பாதி தொண்டையில் இறங்கியதை அமிர்தவல்லி பார்த்தாள். "இன்னொரு வாய்" என்றாள். இறங்கியது. "இன்னொண்ணு." ரிச்சர்ட் ஸ்பூனைக் கீழே வைக்கப் போனான். அவள் விடவில்லை. டம்ளரின் அடி தெரியும்வரை, அதட்டி, கெஞ்சி, மறுபடி அதட்டி, ஒவ்வொரு வாயாக ஊட்டவைத்தாள்.

"போதும் தம்பி, வாயத் தொடச்சு விடுங்க" என்றாள். "போனை வைங்க. நான் சேலை எடுத்து வைக்கணும்."